கலந்த கறுப்பு

வேண்டாம் என்று சொல்லிவிட்டால் போதும். ஒரே சொல். ஹைட்ரூன் லாங்கர் டிராமில் ஜன்னலோரம் உட்கார்ந்து, ஈரக் குடையை முழங்கால்களுக்கு நடுவில் நிறுத்திக்கொண்டு, அந்தச் சொல்லை எப்படிச் சொல்வது என்று பார்த்துக்கொண்டிருந்தாள். சிரித்தபடி சொல்லலாம். கிழவியின் பிடிவாதம் என்று விட்டுவிடுவார்கள். எழுபதைத் தாண்டியவளுக்கு அந்தச் சலுகைகூட இல்லையென்றால் எப்படி. அல்லது கொஞ்சம் கனமாகச் சொல்லலாம். மறைந்திருப்பது மறைந்தே இருக்கட்டும், மறைத்ததுதான் படைப்பு. இது நன்றாக இருக்கிறது. லைப்ஸிக் பத்திரிகைக்காரர்கள் இதை அப்படியே எடுத்துக் கட்டம் கட்டிப் போடுவார்கள். ஆனால் அருங்காட்சியகத்தில் அவளுக்காகக் காத்திருக்கும் பெண் பத்திரிகைக்காரி அல்ல. வீப்கே என்று பெயர். பழைய தாள்களைச் செப்பனிடும் வேலை. ஹாம்பர்க்கிலிருந்து வந்தவள், பெர்லின் சுவர் விழுந்த பிறகு பிறந்தவள், அதனால் எதற்கும் பயப்படத் தெரியாதவள். தொலைபேசியில் அவள் குரலில் அவ்வளவு சந்தோஷம். "ஃபிராவ் லாங்கர், தெரியுது! கறுப்புக்குக் கீழே எழுத்து தெரியுது! ஓரத்துல ஒரு விரல் அகலம்தான் எடுத்துப் பார்த்தேன். உங்க அனுமதி இல்லாம மேல போகமாட்டேன். நீங்களே வந்து பக்கத்துல உட்கார்ந்தா எவ்வளவு நல்லா இருக்கும்." கண்ணுக்குப் புலப்படாத ஒளியில் படம் பிடிக்கிற கேமராவாம். எவ்வளவு மை பூசியிருந்தாலும் உள்ளே போய்விடுமாம். ஹைட்ரூன் அப்போது அப்படியா என்றாள். அப்படியா என்பது சரியென்று ஆகாது. வேண்டாம் என்றும் ஆகாது. வாழ்நாள் முழுக்க அவள் அப்படியா என்றே சொல்லிக்கொண்டிருந்திருக்கிறாள். ஒருவேளை அதுதான் எல்லாவற்றுக்கும் காரணம்.

டிராம் ஒரு வளைவில் திரும்பியது. எதிரே ஒரு பருத்த மனிதர் மீன் வைத்த ரொட்டியைக் காகிதத்திலிருந்து பிரித்துத் தின்றுகொண்டிருந்தார். வினிகரும் வெங்காயமும் மணத்தன. நவம்பர் மழை கண்ணாடியில் வழிந்தது. எழுத்தாளர், மொழிபெயர்ப்பாளர், காட்சிக் கலைஞர். கண்காட்சிக்கு அச்சடித்த அழைப்பிதழில் அவள் பெயருக்குக் கீழே மூன்று சொற்கள் அந்த வரிசையில் இருக்கின்றன. முப்பது வருடங்களாக அந்த வரிசைதான். இரண்டாவதில் சந்தேகம் இல்லை. பல்கேரிய நாவல்கள் ஒரு அலமாரித் தட்டு நிறைய, அவள் பெயரோடு, உள்பக்கத்தில், சின்ன எழுத்தில். மூன்றாவதிலும் அவ்வளவாக இல்லை, சுவர்களில் மாட்டியிருக்கிறார்கள், வாங்கியிருக்கிறார்கள். முதல் சொல்? அந்த முதல் சொல் மொத்தமாக நிற்பது இருபத்துச் சொச்சம் கறுப்புத் தாள்களின்மேல். இன்னும் சரியாகச் சொன்னால், அந்தக் கறுப்புக்குக் கீழே என்ன இருக்கிறதென்று யாருக்கும் தெரியாது என்பதன்மேல். யாருக்கும் தெரியாது என்பதும் தப்பு. அவளுக்குத் தெரியும். முன்னாள் கணவன் எக்கார்டுக்குத் தெரியும். முதல் ஏழு தாள்களில் ஒரு நாவலின் தொடக்கம் இருக்கிறது. எட்டிலிருந்து கடைசிவரை நாவல் இல்லை. எதுவும் இல்லை. வாய்க்கு வந்தது. உருளைக்கிழங்கு வரிசை, எக்கார்டின் இருமல், மாடிப்படியில் யார் யாரிடம் என்ன சொன்னார்கள். மையைப் பூசி மூடப்போகிற இடத்தில் என்ன எழுதினால் என்ன என்று எழுதியது. எழுதியது என்றுகூடச் சொல்லக்கூடாது, நிரப்பியது. தாள் தீரும் இடத்தில் வாக்கியம் பாதியில் நின்றாலும் அப்படியே விட்டுவிட்டு எழுந்துவிடுவாள். அடுத்த தாளில் வேறு ஏதாவது. இன்று மாலைக்குள் வீப்கே அதையெல்லாம் படித்துவிடுவாள். படித்துவிட்டு என்ன முகத்தோடு திரும்புவாள்? மரியாதையான பெண். ஒன்றும் சொல்லமாட்டாள். அந்த ஒன்றும் சொல்லாததை நினைத்தால்தான் தாங்கமுடியவில்லை.

நாவல் என்று முதலில் சொன்னது அவள் அல்ல. சத்தியமாக அவள் அல்ல. சுவர் விழுந்து இரண்டு வருடம் கழித்துக் கொலோனிலிருந்து ஒரு கலைக்கூடத்தார் வந்தார்கள், தாள்களைச் சமையலறைத் தரையில் பரப்பிப் பார்த்தார்கள், குனிந்து, பக்கவாட்டில் தலையைச் சாய்த்து. மையின் மேடுபள்ளத்தில் ஒரு எழுத்து, இரண்டு எழுத்து புடைத்துத் தெரிந்தது. கீழே எழுத்து இருக்கிறதா என்று கேட்டார்கள். இருக்கிறது என்றாள். தொடர்ச்சியாகவா? ஆரம்பத்தில் ஒரு நாவல், என்று தொடங்கினாள். அதற்குள் அவர்களில் ஒருவர் கையை மார்பில் வைத்துக்கொண்டு இன்னொருவரைப் பார்த்துவிட்டார். பிறகு அவள் சொன்னது யார் காதிலும் விழவில்லை. பட்டியல்நூலில் "கறுப்புக்கு அடியில் ஒரு நாவல்" என்று வந்தது. அங்கிருந்து பத்திரிகைக்கு, பத்திரிகையிலிருந்து பரிசு விழா மேடைக்கு. மேடையில் ஒரு பேராசிரியர், இந்த நாட்டின் படிக்கப்படாத மிகச் சிறந்த நாவல் என்றார். கைதட்டினார்கள். அவள் மடியில் இருந்த கைகளைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். எழுந்து சொல்லியிருக்கலாம். என்ன சொல்வது? மன்னிக்கவும், எட்டாவது தாளிலிருந்து உருளைக்கிழங்கு என்றா?

உருளைக்கிழங்கு. அந்தச் சமையலறை. வெளியே நிலக்கரிப் புகை, உள்ளே மையின் மண்ணெண்ணெய் வாசனை, ஜன்னலைத் திறக்கவும் முடியாது, திறந்தால் படிக்கட்டு முழுக்க மணக்கும். கிழக்கு ஜெர்மனி என்ற நாடு இருந்தவரை ஒரு பக்கம் அச்சடிப்பதற்கும் அனுமதி வேண்டும். ஆனால் ஓவியர்கள் கையால் எடுக்கிற அச்சுப்படத்துக்கு, நூறு பிரதிக்குக் கீழே என்றால், யாரும் கேட்கமாட்டார்கள். ஓட்டை அது ஒன்றுதான். ஊரில் எழுதுகிறவர்கள் எல்லாரும் அதில்தான் விரல்விட்டார்கள், எழுத்தைப் படத்துக்குள் வைத்தார்கள். படம் வரையத் தெரியாதவர்கள் வரையத் தெரிந்தவர்களைத் தேடிப் போனார்கள். அவள் யாரையும் தேடிப் போகவில்லை. எக்கார்ட் வீட்டிலேயே இருந்தான், புருஷனாக. அச்சுக்கூடத்து வேலை தெரிந்தவன். மரச்சட்டத்தில் துணியை இழுத்துக் கட்டி ஸ்கிரீன் செய்தான். அவள் கையால் எழுதியதை அதில் ஏற்றினான், ரப்பர் பட்டையால் மையை இழுத்தான். ஒரு தாள் எழுத்து, மேலே ஒரு கோட்டுச் சித்திரம். பிறகு யாரோ ஒருவர் வீட்டில் ரகசியப் போலீசார் புகுந்து படங்களையும் அள்ளிக்கொண்டு போனார்கள் என்று கேள்விப்பட்டார்கள். அன்றைக்குத்தான் எக்கார்ட், மேலே ஒரு கறுப்பு அடிச்சிடலாமா என்றான். விளையாட்டாகத்தான் கேட்டான். அடித்தார்கள். பார்த்தால் அழகாக இருந்தது. அதுதான் வினை. அழகாக இருந்தது. அதன்பிறகு எழுத்தே தெரியாத அளவுக்கு, ஒரு அடுக்கு, இரண்டு அடுக்கு. கையெழுத்துப் பிரதியையும் வைத்திருக்கக்கூடாது என்று ஒவ்வொரு பக்கமும் தாளில் ஏறியதும் அடுப்பில் போட்டாள். நாவலின் ஒரே பிரதி கறுப்புக்குக் கீழே இருக்கிறது, அவளே திரும்பப் படிக்கமுடியாதபடி. உலகத்தில் வேறு யாராவது தன் எழுத்தை இவ்வளவு சிரத்தையாக ஒளித்து வைத்திருப்பார்களா? அவள் வீட்டுக்கு ஒருவரும் வரவே இல்லை. கதவை யாரும் தட்டவில்லை. அது ஒரு தனி அவமானம்.

நல்ல கறுப்பு மை கிடைப்பது கஷ்டம். இருந்த டப்பாவை எக்கார்ட் எழுத்துக்கு மட்டும் வைத்துக்கொண்டான். மேலே மூடுவதற்கு நீலம், பழுப்பு, பச்சை என்று அச்சுக்கூடத்தில் மிஞ்சியதைக் கலந்து அவனே ஒரு கறுப்பு செய்தான். கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான். கேமராவுக்கு ஒன்றல்லவாம். "அசல் கறுப்புல கரி இருக்கும். கலந்ததுல இல்ல. கலந்தது இந்த ஒளிக்குக் கண்ணாடி மாதிரி" என்று வீப்கே விளக்கினாள். அந்த நாட்டில் கடையில் நல்ல மை இருந்திருந்தால் அவள் இன்று இந்த டிராமில் உட்கார்ந்திருக்கவேண்டியதில்லை. இதை எக்கார்டிடம் சொன்னால் அரைமணி நேரம் சிரிப்பான்.

ஏழாவது தாள். அங்கேதான் எல்லாம் நிற்கிறது, எந்தப் பக்கம் யோசித்துக்கொண்டு போனாலும் அங்கேதான் வந்து நிற்கிறது. அதை ஏற்றுவதற்கு முன்னால் எக்கார்டுக்கு வாசித்துக் காட்டினாள். அவன் ரப்பர் பட்டையைத் துடைத்துக்கொண்டே கேட்டான். முடிந்ததும், நல்லா இருக்கு, இலியா மாதிரியே இருக்கு, என்றான். நல்லதாகத்தான் சொன்னான். இலியா ராதெவ் அவள் மொழிபெயர்த்துக்கொண்டிருந்த பல்கேரியர். வாழ்நாளில் அவள் ஒழுங்காகச் செய்த ஒரே காரியம் அவர்தான். பகலெல்லாம் இலியா, இடது பக்கம் மூலப் புத்தகம், இடது கை ஆள்காட்டி விரல் வரியின்மேல், வலது கையில் பேனா. அந்த விரல் நகர நகர ஜெர்மன் வந்தது. அந்த விரல் இருக்கும்வரை அடுத்த வாக்கியம் என்ன என்ற பயமே கிடையாது. அடுத்த வாக்கியம் அங்கே இருக்கிறது, வேறொருவர் பாடுபட்டு முடித்துவிட்டார். சாயங்காலம் புத்தகத்தை மூடிவிட்டுத் தன் நாவலுக்கு உட்கார்ந்தால் அவருடைய நீண்ட வாக்கியங்கள்தான் வந்தன, அவருடைய மனைவியை இழந்த கிழவர்கள், அவருடைய கழுதைகள். லைப்ஸிக்கில் கழுதை எங்கே இருக்கிறது? அவளுடைய நாவலில் ஒரு கழுதை இருந்தது. எக்கார்ட் சொன்னபிறகுதான் அவள் அதைப் பார்த்தாள். ஏழாவது தாளையும் அடித்து மூடினார்கள். அதற்குப் பிறகு நாவல் இல்லை. தாள்கள் மட்டும் தொடர்ந்தன, ஏனென்றால் ஊரில் நாலு பேர் அவற்றைக் கேட்க ஆரம்பித்திருந்தார்கள், ஏனென்றால் கறுப்பு அழகாக இருந்தது. இலியா ஒருமுறை வந்திருந்தபோது அந்தத் தாள்களைப் பார்த்தார். பிளம் சாராயக் கோப்பையோடு அவற்றின் முன்னால் நின்றார். "ஹைட்ரூன், ஜெர்மன்ல நான் என்னைவிட நல்ல எழுத்தாளன்னு சொல்றாங்க. அது யாரோட நல்ல எழுத்துன்னு எனக்குத் தெரியும். நீ எப்ப எழுதப் போற?" எழுதிக்கொண்டுதான் இருக்கிறேன் என்று தாள்களைக் காட்டினாள். அவர் கறுப்பை வெகுநேரம் பார்த்தார். "கெட்டிக்காரி. விமர்சகன் ஒருத்தனும் உன்னைத் தொடமுடியாது" என்றார். சிரித்தார்கள். அவர் போய்ச்சேர்ந்து இருபது வருடத்துக்கு மேல் ஆகிறது. அவருக்குப் பிறகு அவள் யாரையும் மொழிபெயர்க்கவில்லை. எழுதவும் இல்லை. கறுப்புத் தாள்கள் மட்டும் செய்தாள், பெரிதாக, ஆள் உயரத்துக்கு, இப்போது அசல் கறுப்பில். அவற்றுக்குக் கீழே எதுவுமே இல்லை, உருளைக்கிழங்குகூட. அவைதான் அதிகம் விற்றன.

கைப்பைக்குள் தொலைபேசி அடித்தது. எக்கார்ட். பிரிந்து எத்தனையோ காலமாகியும் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் கூப்பிடுவான், இன்று ஞாயிறும் இல்லை. "எங்க இருக்க?" என்று கத்தினான். "டிராம்ல. மெதுவாப் பேசு, எல்லாருக்கும் கேக்குது." "எனக்குக் கேக்கணுமே. ஒரு காதுதான் மிச்சம். போயிட்டியா, இல்லையா?" "போய்க்கிட்டு இருக்கேன். வேண்டாம்னு சொல்லப் போறேன்." "ஏன்?" "ஏன்னு உனக்குத் தெரியாதா? ஏழுக்கு அப்புறம் கீழ என்ன இருக்குன்னு உனக்கும் எனக்கும்தான் தெரியும்." "அதைக் கேக்கத்தான் கூப்பிட்டேன். அந்த மீன் எந்தத் தாள்ல வருது? பதினொண்ணா, பன்னெண்டா?" "எந்த மீன்?" "மேல்வீட்டு மீன். போல்னு ஒரு குடும்பம் இருந்துச்சே, அவங்க மீன்!" எதிரே இருந்த மனிதர் ரொட்டியைக் கடிப்பதை நிறுத்திவிட்டு அவளைப் பார்த்தார். ஹைட்ரூன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். "எனக்கு ஒரு மீனும் ஞாபகமில்ல." "எழுதினவளுக்கு ஞாபகமில்லையாம்! பதினொண்ணுதான். அன்னிக்குப் பழுப்பு தீர்ந்துபோய் வெறும் பச்சையையும் நீலத்தையும் வச்சு ஒப்பேத்தினேன். அந்தக் கேமராக்காரிகிட்ட பதினொண்ணை எடுக்கச் சொல்லு." "நீ அதையெல்லாம் படிச்சியா?" "ஸ்கிரீனைக் குளியல் தொட்டியில போட்டுக் கழுவறது யாரு? கழுவும்போது வேற என்ன பண்றது? ஒவ்வொண்ணையும் ரெண்டு தடவ படிச்சிருக்கேன். சில சமயம் சிரிப்பு தாங்காம தண்ணியத் திறந்துவிட்டுக்குவேன், உனக்குக் கேக்கக் கூடாதுன்னு." அவள் தொலைபேசியை மறு காதுக்கு மாற்றினாள். "ஹைடி? இருக்கியா? உண்மையச் சொல்றேன், முதல் ஏழு எனக்கு ஞாபகமே இல்ல. யாரோ ஒரு கெழவன், ஒரு கழுதை. மிச்சமெல்லாம் ஞாபகம் இருக்கு." "இதை ஏன் அப்பவே சொல்லல?" அவன் இருமினான். "ஏழாவதுல ஒரு தடவ வாயத் திறந்தேன். மூணு வாரம் நீ என்கூடப் பேசல. அதுக்கப்புறம் எவன் வாயத் திறப்பான்? மையத் தடவுன்னு சொன்ன. தடவினேன்."

தடவினேன். அவன் வைத்துவிட்டான், அல்லது இணைப்பு அறுந்தது. அவள் தொலைபேசியைக் காதிலேயே வைத்திருந்தாள். ரொட்டிக்காரர் இறங்கிப் போய்விட்டார். மீன் வாசனை மட்டும் இருக்கையில் இருந்தது. சமையலறைக்கு அடுத்த குளியலறையில் தண்ணீர் திறக்கும் சத்தம். அந்தச் சத்தம் நினைவிருக்கிறது. தண்ணீரை வீணாக்குகிறான் என்று கதவுக்கு இந்தப் பக்கத்திலிருந்து எரிச்சல்பட்டது நினைவிருக்கிறது. ஒரு வாசகன் இருந்தான். ஒரு கதவுக்கு அந்தப் பக்கம், சட்டைக்கையை மடித்துக்கொண்டு, முழங்கால் போட்டு, சிரித்துக்கொண்டு. இல்லை, இதையும் இப்படி அழகாக ஆக்கிவிடக் கூடாது. எக்கார்ட் எதற்கும் சிரிப்பவன். அவன் சிரித்ததால் ஒன்றும் நல்லதாகிவிடாது. பதினொன்றில் ஒரு மீன் இருந்தால் இருக்கட்டும், அதனால் என்ன. வீப்கேயிடம் ஒன்று முதல் ஏழு வரை மட்டும் எடுக்கச் சொல்லலாம். இது ஏன் இத்தனை நாள் தோன்றவில்லை? முதல் ஏழு. நாவல் இருக்கும், கிழவர் இருப்பார், கழுதை இருக்கும். மற்றவற்றை அப்படியே விடுங்கள், பாதி தெரிந்து பாதி மறைந்திருப்பதுதான் என் விருப்பம் என்றால் யாரும் மறுக்கமாட்டார்கள். முதல் சொல் தப்பித்துவிடும். செத்த பிறகும் தப்பித்துவிடும். எழுத்தாளர். டிராம் நின்றது. இறங்கவேண்டிய இடம். குடையை விரிக்காமலே நடந்தாள். ஏழு, ஏழு என்று சொல்லிக்கொண்டு நடந்தாள், கடைக்குப் போகும் குழந்தை வாங்கவேண்டியதைச் சொல்லிக்கொண்டு போவதுபோல.

அருங்காட்சியகத்தின் கீழ்த்தளத்தில் அந்த அறை சூடாக இருந்தது. வீப்கே அவள் மேலங்கியை வாங்கி மாட்டினாள், தேநீர் வேண்டுமா என்றாள், நனைந்துவிட்டீர்களே என்றாள். நீளமான மரமேஜை. மேலே தாங்கியில் கேமரா, பக்கத்தில் திரை. தாள்கள் சுவரோரம் இழுப்பறைகளில் வரிசையாக இருந்தன. ஹைட்ரூன் உட்கார்ந்தாள். "முதல்லயே ஒண்ணு கேட்டுடறேன், ஃபிராவ் லாங்கர். உங்களுக்குச் சம்மதம்தானே? சங்கடமா இருந்தா சொல்லிடுங்க. நான் தப்பா எடுத்துக்கமாட்டேன்." நிஜமாகவே எடுத்துக்கொள்ளமாட்டாள், முகத்தில் தெரிந்தது. "சம்மதம்தான்" என்றாள் ஹைட்ரூன். "அப்ப ஒண்ணுலேருந்து வரிசையாப் போகலாமா?" ஒன்று முதல் ஏழு வரை. சொல் வாய்வரைக்கும் வந்தது. "பதினொண்ணு" என்றாள். "பதினொண்ணா? நாவல் நடுவுலேருந்தா?" "நாவல் இல்ல. ஏழோட நாவல் முடிஞ்சிடுச்சு. அப்புறம் இருக்கறது வேற. யார்கிட்டயும் சொன்னதில்ல, இப்ப சொல்றேன்." வீப்கே ஒரு கணம் அவளைப் பார்த்தாள். பிறகு எழுந்து, இழுப்பறையைத் திறந்து, தாளை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு வந்து வைத்தாள். விளக்கை அணைத்தாள். ஏதோ ஒரு பொத்தானை அழுத்தினாள்.

திரையில் முதலில் சாம்பல் நிறம் மட்டும் இருந்தது. கேமரா அங்குலம் அங்குலமாக நகர்ந்தது. அடியிலிருந்து மேலேறுவதுபோல எழுத்து வந்தது. அவளுடைய கையெழுத்துதான், ஆனால் நேராக, அவசரமாக, இப்போதைய நடுக்கம் இல்லாமல். அவளுக்குக் கண்ணாடி எடுக்கத் தோன்றவில்லை. வீப்கே வாசித்தாள், வட ஜெர்மனிக்காரர்களின் நிதானமான குரலில்: "மேல்வீட்டு ஃபிராவ் போல், துண்டையும் சோப்பையும் எடுத்துக்கொண்டு இன்றும் எங்கள் வீட்டில் குளிக்க வந்தாள். அவள் வீட்டுக் குளியல் தொட்டியில் கிறிஸ்துமஸ் விருந்துக்கு வாங்கிய மீன் உயிரோடு நீந்துகிறது. புருஷன் அதற்குப் பெயர் வைத்துவிட்டான், இனி யார் வெட்டுவது என்கிறாள். குளிக்கும்போது அது தன்னைப் பார்ப்பது போலவே இருக்கிறதாம், எங்கள் தொட்டியில் இருந்தும்கூட. எங்கள் தொட்டியில் மீன் இல்லை, மை இருக்கிறது. முதுகில் நீலத்தோடு மாடி ஏறினாள். நான் சொல்லவில்லை. புருஷன் பார்க்கட்டும்." வீப்கே சிரித்துவிட்டாள். சட்டென்று வாயை மூடிக்கொண்டாள். "மன்னிச்சிடுங்க." "பரவாயில்ல. படி." இலியா இல்லை. கழுதை இல்லை. வாக்கியங்கள் குட்டையாக இருந்தன. இதை எழுதிய பெண் யார்? முப்பது வயதிருக்கும். யாரும் பார்க்கமாட்டார்கள் என்று தைரியமாக எழுதுகிறாள். எழுதத் தெரிந்தவள். இவளை எழுதவிட்டிருக்கலாம். இவளுக்கு ஒரு மேஜையும் வெள்ளைத்தாளும் கொடுத்துவிட்டு நகர்ந்திருக்கலாம். அதை விட்டு, கறுப்பைக் கலந்து எடுத்துக்கொண்டு தாள் தாளாக இவள் பின்னாலேயே வந்து மூடிக்கொண்டிருந்தது யார்? நாடு இல்லை. நாடு அவள் வீட்டுக் கதவைத் தட்டவே இல்லை.

கேமரா கடைசி வரிக்கு வந்தது. வீப்கே நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டாள். "இன்று காலை எக்கார்ட் கத்தியை எடுத்துக்கொண்டு மேலே போனான். வெகுநேரம் ஒரு சத்தமும் இல்லை. பிறகு படியில் அவன் செருப்புச் சத்தம். கதவைத் திறந்தேன். அவன் கையில்." அங்கே தாள் முடிந்தது. திரையில் வெற்றுச் சாம்பல். வீப்கே திரும்பினாள். கண் பளபளத்தது. "கையில்? கையில என்ன? அப்புறம்?" எக்கார்டைக் கேட்டால் மீனுக்கு என்ன ஆயிற்று என்று சொல்லிவிடுவான். அது பெரிதில்லை. தாளில் எழுதிய அந்தப் பெண் அதை எப்படிச் சொல்லியிருப்பாள் என்பது எக்கார்டுக்குத் தெரியாது. வேறு யாருக்கும் தெரியாது. "அப்புறம், ஃபிராவ் லாங்கர்?" ஹைட்ரூன் வாயைத் திறந்தாள். அவளை அறியாமல் இடது கை மேஜைமேல் நகர்ந்தது. எப்போதும் மூலப் புத்தகம் இருக்கிற பக்கம். ஆள்காட்டி விரல் நீண்டு, அடுத்த வரியைத் தேடி, வெறும் மரத்தின்மேல் நின்றது.